பொம் பாஸ்கு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை ஒளித்து வைத்து எழுத எனக்குத் தெரியாது, ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் இளந்தாரியாக இருந்தபோது ஒரு பெண்ணின் கையால் வாங்கிய முட்டைக்காக, தலை நரைத்த பிறகு நான் ஒரு வருடம் முழுக்க வயிறெரிந்தேன். முட்டை என்றால் சாதாரணக் கோழி முட்டைதான். சிவப்புச் சாயம் போட்டது.

எங்கள் வீட்டில் உயிர்த்த ஞாயிறு இப்படித்தான் தொடங்கும். காலைப் பூசை முடிந்து வந்து, உடுப்பு மாற்றுவதற்கு முன்பே நானும் அவரும் குசினிக்குள் போவோம். சின்ன வெங்காயத் தோலையும் கொஞ்சம் வினாகிரியையும் போட்டு அவித்த முட்டைகள் முதல் நாளே ஒரு கிண்ணத்தில் தயாராக இருக்கும். அவர் ஒன்றை எடுப்பார், நான் ஒன்றை எடுப்பேன். "பொம் பாஸ்கு" என்று அவர் சொல்லுவார். அந்தப் ‘பொம்’மோடு இரண்டு முட்டையும் மோதும். யாருடைய முட்டை உடைகிறதோ அவர்தான் அன்றைக்குத் தேங்காய் துருவ வேண்டும். பிள்ளைகள் பிறந்த பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் ஞாயிறு தோறும் மறைக்கல்வி படிப்பிக்கிறவள் என்பதால் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது தொற்றியது. இப்போது பெருநாள் பூசை முடிந்தால் தேவாலய முற்றம் முழுக்கப் "பொம்! பொம்!" என்று ஒரே சத்தம்.

நான் மன்னார்ப் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணம் முடித்துத்தான் திருகோணமலைக்கு வந்தேன். எங்கள் ஊரில் பாஸ்கு என்றால் தபசு காலத்தில் மேடை கட்டி நடத்தும் ஆண்டவருடைய பாடுகளின் நாடகம். இங்கே சிலர் பெருநாளையே அப்படிச் சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். ‘பொம்’ என்பது முட்டை மோதுகிற சத்தம் என்பதையும் நானாகவே விளங்கிக்கொண்டேன். வெடிக்கு டமார், முட்டைக்குப் பொம். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. திருத்தக்கூடிய ஒரே ஆள் முட்டையும் கையுமாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகின் இயந்திரக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரத்தோடு கதைப்பதில் பாதிகூட மனிதரோடு கதைக்க மாட்டார். என் பிறந்தநாளை நான்தான் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பார். ஆனால் வருடத்தில் ஒரு காலை, யாரும் சொல்லாமல், முட்டையை எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு என் முன்னால் வந்து நிற்பார். எனக்கென்று அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் அது என்று நினைத்து வைத்திருந்தேன். வேறு பெண்களுடைய கழுத்துச் சங்கிலியைப் பார்த்தால்கூட, என்னிடம் அந்த முட்டை இருக்கிறது என்று மனதை ஆற்றிக்கொள்ளுவேன்.

ஒரே ஒரு முறை கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, இதை எங்க பழகினனீங்கள்?"

"கப்பலில வந்த ஆக்களிட்ட. கிரேக்கக் கப்பல்."

துறைமுகத்தில் வேலை செய்கிற மனிதர் கப்பல் என்று சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? நானும் நம்பினேன்.

போன வருடத் தபசு காலத்தில் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகள் எல்லாரும் கைத்தொலைபேசியில் முயலையும் சொக்கலேட் முட்டையையும் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறார்கள், இந்த வழக்கங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று பெருநாளுக்கு முந்தின ஞாயிறு ஒரு சின்னப் பேச்சு வையுங்கள் என்றார். என்னிடம் ஒரு வேலையைத் தந்தால் நான் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். பழைய பங்கு மலர்களைக் கிளறினேன், தொலைபேசியில் தேடினேன், மகளைப் பிடித்து ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துச் சொல்லச் சொன்னேன்.

தேடத் தேட எனக்கு ருசி பிடித்துவிட்டது. பழைய காலத்தில் தபசு காலம் முழுக்க இறைச்சியோடு முட்டையும் விலக்காம். நாங்கள் இப்போது வெள்ளிக்கிழமையில் சுத்தபோசனம் என்று ஒரு நேரம் மீனும் மரக்கறியும் சாப்பிட்டுவிட்டுப் பெருமை பேசுகிறோம். கோழிக்குத் தபசு காலம் தெரியுமா? அது தன் பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பெருநாள் வரும்போது வீடு நிறைய முட்டை. அவித்தார்கள், சாயம் போட்டார்கள், அயலுக்குப் பகிர்ந்தார்கள். கிழக்குத் திருச்சபைகளில் ஆண்டவருடைய இரத்தத்தை நினைத்துச் சிவப்பு மட்டும் போட்டார்கள். ஆண்டவருடைய கல்லறைக்கு முதலில் போன பெண்ணைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அவள் பேரரசன் முன்னால் போய் ஆண்டவர் உயிர்த்தார் என்று சொன்னாளாம். இந்த முட்டை சிவக்கட்டும், அப்போது நம்புகிறேன் என்றானாம் அரசன். அவள் கையிலேயே அது சிவந்ததாம்.

கிரேக்கரைப் பற்றி வாசித்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிவப்பு முட்டையை ஒன்றோடு ஒன்று மோதி உடைப்பது அவர்களுடைய வழக்கமேதான் என்று போட்டிருந்தது. அன்றைக்கு என் கணவருக்குத் தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடவே போட்டுக் கொடுத்தேன்.

குருத்தோலை ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் பேச்சு. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஒரு பெருநாளுக்குப் பிறகு இந்த நாட்டில் தேவாலய வாசலில் பையைத் திறந்து காட்டாமல் உள்ளே போக முடியாது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் என் முட்டைக் கூடையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். கூடையைத் தூக்கி வந்த என் கணவர் மண்டப வாசலோடு நின்றுகொண்டார். பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோர் இருந்தார்கள். கடைசி வாங்கில் பூப்போட்ட கவுனோடு ஒரு பெண் இருந்தாள். பாலையூற்றில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பம் ஒன்றின் மூத்தவள், கனகாலத்துக்கு முன் அவுஸ்திரேலியாவுக்குப் போனவள், தம்பி வீட்டுக்குப் பெருநாளுக்கு வந்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். என்னைவிட வயதில் மூத்தவள். ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். எழுத மாட்டேன்.

நான் நன்றாகவே பேசினேன். முயல் ஜெர்மன் நாட்டு ஆட்களுடையது, அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்களோடு போய், பிறகு சொக்கலேட்டோடு உலகம் சுற்றியது என்றேன். எங்கள் ஊரில் முயலை எங்கே காண்பது, கடைவாசலில் பழத்தோலுக்கு நிற்பது மான்தானே என்றேன். அப்படியானால் இங்கே மான்தான் முட்டை கொண்டுவருமா என்று ஒரு பிள்ளை கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். பெரிய வெள்ளிக்குச் சாப்பிடும் சிலுவை போட்ட பணிஸ் இங்கிலாந்துக்காரருடையது, அவர்களின் கடற்படையோடு இங்கே வந்திருக்க வேண்டும், இன்றைக்கு அதை எங்கள் தெருவில் அழகாகச் சுடுகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பேக்கரிக்காரர் என்றேன். பெருநாளின் ஆங்கிலப் பெயர் ஏதோ வசந்தகாலத் தேவதையிடமிருந்து வந்தது என்கிறார்கள், அதற்கு ஆதாரம் பழைய துறவி ஒருவர் எழுதி வைத்த ஒரே ஒரு குறிப்புத்தான், அந்த வழக்கு எங்களுக்கு வேண்டாம் என்றேன். எங்களிடம் பாஸ்கு இருக்கிறது. எபிரேயர் எகிப்திலிருந்து விடுதலையான பெருநாளின் பெயர்தான் வாய்மாறி வாய்மாறிப் போர்த்துக்கேயரோடு இங்கே வந்திறங்கியது. கதிரை, அலுமாரி, குசினி எல்லாம் கொண்டுவந்த அதே ஆட்கள்.

கடைசியாகச் சிவப்பு முட்டைக்கு வந்தேன். கிரேக்கக் கப்பல்காரர் எங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த வழக்கம் இது என்று, வாசலில் நின்ற மனிதரைப் பார்த்துப் பெருமையோடு சொன்னேன். அவர் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசைப் பெண்பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது. "மிஸ், பொம் எண்டா என்ன?"

"அது சத்தம் பிள்ளை. முட்டை இடிபடுற சத்தம்."

கடைசி வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அடக்க முடியாமல் வந்த சிரிப்பு.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. அது சத்தம் இல்ல. எங்கட பறங்கிப் பாஷை. பொம் எண்டா நல்ல. பொம் பாஸ்கு எண்டா நல்ல பெருநாள். எங்கட வீட்டில முட்டை குடுக்கேக்க சொல்லுறது."

"எங்கட வீட்டில" என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கணவருடைய காது சிவந்திருந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் காது சிவந்து நான் கண்டதில்லை.

பிறகு என்ன பேசி முடித்தேன் என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மகளிடம் விசாரித்தேன். அப்பா வேலைக்குச் சேரும் முன் பாலையூற்றில் ஒரு பறங்கிக்காரரின் இரும்புப் பட்டறையில்தான் தொழில் பழகினார், உங்களுக்குத் தெரியாதா அம்மா என்றாள். பட்டறை தெரியும். பட்டறைக்காரருக்கு ஒரு மகள் இருந்ததும், கடைசி வாங்கில் சிரித்தது அவள்தான் என்பதும் தெரியாது. இல்லாத கிரேக்கக் கப்பலை ஒரு மனிதர் ஏன் துறைமுகத்துக்குள் இழுத்துக்கொண்டு வரவேண்டும்? ஒன்றுமில்லாத விஷயத்துக்கு யாராவது பொய் சொல்லுவார்களா?

அந்தக் கிழமை குசினிக்குள் போனாலும் எரிந்தது, கதிரையில் இருந்தாலும் எரிந்தது. என் வாயில் புழங்கிய சொல்லெல்லாம் அவளுடைய ஆட்களின் சொல்லாகவே எனக்குக் கேட்டது. பெரிய வியாழனன்று பொறுக்க முடியாமல் ஓட்டோ பிடித்துப் பாலையூற்றுக்குப் போனேன். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவரை மரியாதைக்குப் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். என் கணவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் பத்திரிகைக்குள் குனிந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் தம்பி வீட்டு விறாந்தையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தோல்களைத் தனியாக ஒரு பையில் சேர்த்தாள். தலையில் ஒரு நரை இல்லை. சாயம்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தெரிந்தும் எரிந்தது. தேத்தண்ணி வந்தது, கேக் வந்தது. அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

"என்ர அவருக்கு முட்டை குடுத்தது நீங்களோ?" என்று நேராகவே கேட்டேன்.

"ஓம்," என்றாள். வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. "அப்பான்ட பட்டறையில வேலை பழகின எல்லாருக்கும் பாஸ்குக்கு நான்தான் குடுக்கிறனான். ஆளுக்கு ஒண்டு." கரண்டியால் தேத்தண்ணியைக் கலக்கினாள். "அவருக்கு மட்டும் ரெண்டு."

நான் கேக்கைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

"கலியாணம் பேசினவையோ?"

"பேச ஏலாதே. எங்கட வீட்டிலயும் விடமாட்டினம், அவற்ற வீட்டிலயும் விடமாட்டினம். பிறகு நாங்கள் வெளிநாடு போயிட்டம். அவ்வளவுதான் தங்கச்சி."

அவ்வளவுதானாம். வந்த வழியே எழும்பிப் போயிருப்பேன். ஆனால் அவள் விடவில்லை.

"நான் ஒண்டு கேக்க நினைச்சனான். நீங்கள் ஏன் முட்டையை இடிக்கிறீங்கள்? பிள்ளையள் எல்லாம் கோயில் முத்தத்தில இடிச்சுக்கொண்டு திரியுதுகள் எண்டு தம்பி சொல்லுறான்."

"உங்கட பழக்கம்தானே?"

"எங்கட வீட்டிலயோ? ஐயோ, இடிச்சா அப்பா தோலை உரிச்சுப்போடுவார்! ஆண்டவரின்ட கல்லறை எண்டு நினைச்சுக் கையில வைச்சிருக்கிறது. பொம் பாஸ்கு எண்டு சொல்லி மற்ற ஆளின்ட கையில மெல்ல வைக்கிறது. அவ்வளவுதான். இடிக்கிறது உங்கட அவர் எங்க பழகினாரோ தெரியாது."

திரும்பி வரும்போது ஓட்டோ கடலோரமாக வந்தது. அந்த முதல் பாஸ்குக் காலை அப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. கல்யாணம் முடிந்து சில கிழமைதான் ஆகியிருந்தது. அவர் முட்டையைப் பிடித்திருக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, அதன் மேல் வைத்து என் பக்கம் நீட்டியிருந்தார். என் கையில் மற்ற முட்டை இருந்தது. அவர் "பொம்" என்றார். ஏதோ விளையாட்டு என்று நினைத்து என் முட்டையால் அதில் ஓங்கி ஒரு போடு போட்டேன். அவருடைய முட்டை பிளந்துவிட்டது. அவர் திடுக்கிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் அவரும் சிரித்தார்.

ஆக, சிவப்பு அவளுடையது, சொல்லும் அவளுடையது. இடித்தது மட்டும் நான். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அவள் அவருக்குச் செய்ததை அப்படியே எனக்குச் செய்து பார்க்க வந்திருக்கிறார், பாரேன், என்றுதான் மனம் போனது. எனக்குக் கிடைத்தது அவள் பாவித்து முடித்த ஒரு பாஸ்குக் காலை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கிணற்றடியில் தண்ணி மோட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"முதல் முதல் முட்டையை இடிச்சது ஆர்?" என்றேன்.

யோசிக்கவே இல்லை. "நீர்தான்."

"அப்ப ஏன் சொல்லேல்ல? இவ்வளவு காலமும் நான் ஒரு விசரி மாதிரிப் பிள்ளையளுக்குச் சத்தம் எண்டு படிப்பிச்சனான்!"

அவர் கையை ஒரு பழந்துணியில் துடைத்தார். "பொம் எண்டா என்னெண்டு சொன்னா, ஆர் சொல்லித் தந்தது எண்டு கேப்பீர். அவ எண்டா அவ ஆர் எண்டு கேப்பீர். பேந்து பெருநாளுக்குப் பெருநாள் அதே கதைதான் நடக்கும்."

நடந்திருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் ‘அவ’ என்று மரியாதையாகச் சொன்னது மட்டும்தான் அப்போது என் காதில் நின்றது.

"நீர் இடிச்சாப் பிறகு அது வேற முட்டை," என்றார் அவர், மோட்டரைப் பார்த்தபடி. "அந்தப் பொம் எனக்கு அண்டைக்கே மறந்து போச்சு. நான் சொல்லுறது உம்மட பொம்."

அவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை. நம்ப ஆசையாகவும் இருந்தது, நம்பவும் முடியவில்லை. மறந்து போனவருக்குக் காது ஏன் சிவந்தது என்று கேட்டேன். வெயில் என்றார். மண்டபத்துக்குள் ஏது வெயில்?

அவள் பெருநாள் முடிந்து அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். போகும் முன் வந்து என் கணவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனாள். என்னுடையதைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

இந்த வருடம் வெங்காயத் தோல் சேர்க்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் மகளும் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், வேறு வழியில்லாமல் சாயம் போட்டேன். காலையில் பூசை முடிந்து குசினிக்குள் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவர் முட்டையை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. சத்தமில்லாமல் இரண்டு முட்டையையும் மோதினோம். இரண்டுமே உடையவில்லை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அவருடைய வாயை அடைத்தது நான்தான், ஆனாலும் கோபம் அவள் மேல்தான் வந்தது.

அப்போது அவருடைய தொலைபேசி கிணுகிணுத்தது. அவள் வீடியோ அனுப்பியிருந்தாள். புல்வெளி போட்ட ஒரு முற்றம். செம்பட்டைத் தலையும் கறுத்த தலையுமாக அவளுடைய பேரப்பிள்ளைகள், கையில் சிவப்பு முட்டைகள். "பொம்!" என்று கத்திக்கொண்டு இடித்து உடைக்கிறார்கள். யாரோ ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, அவளுடைய குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பதில் சொல்லுகிறது. கேட்டவருக்கு விளங்கியதோ இல்லையோ, எனக்கு நன்றாக விளங்கியது. "இது எங்கட பறங்கி ஆக்களின்ட பழைய பழக்கம். ட்ரிங்கோமலியில தலைமுறை தலைமுறையாச் செய்யிறது."

போன வருடம் அப்பா தோலை உரிப்பார் என்று சொன்ன அதே வாய்! என் கையால் தொடங்கிய ஒன்று ஒரே வருடத்தில் கடல் தாண்டிப் போய், பழையதாகி, தலைமுறை கண்டு, அவளுடையதாகிவிட்டது. நாளைக்கு அந்தப் பிள்ளைகளில் ஒன்று எங்கேயாவது ஒரு மண்டபத்தில் நின்று இதன் தோற்றத்தைப் பற்றிப் பேசும். போர்த்துக்கேயர் கொண்டுவந்தது என்று சொல்லும். கேட்டவர்கள் எழுதிக்கொள்ளுவார்கள். நான் அதற்குள் எங்கும் இருக்க மாட்டேன்.

"எழுதுங்கோ," என்றேன். "ஆர் தொடக்கினது எண்டு இப்பவே அவவுக்கு எழுதுங்கோ."

"பெருநாளும் அதுவுமா..."

"எழுதுங்கோ!"

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். இடையில் அழித்தார், திரும்பவும் தட்டினார். இவ்வளவு நேரமாக அவளுக்கு என்ன எழுதுகிறார் என்று எனக்குக் கொதித்தது. அனுப்பி முடிந்ததும் தொலைபேசியைப் பறித்துப் பார்த்தேன்.

‘முட்டை இடிக்கிறது என்ர மனுசி தொடக்கினது. எனக்கு அதுதான் பாஸ்கு.’

நின்றபடி அதை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கக் கண் மறைத்தது. இவ்வளவு வருடத்தில் என்னைப் பற்றி அந்த மனிதர் எழுதிய ஒரே ஒரு வரி. அதையும் அவளுக்குத்தான் எழுதியிருக்கிறார்.